எட்டாவது தோள்

இந்தப் பக்கம் உக்காருங்க தங்கச்சி. அந்தப் பக்கம் வேணாம். வலத் தோள்ல புண்ணு இருக்கு, வளைவுல பஸ்ஸு திரும்புறப்ப நீங்க மேல சாஞ்சீங்கன்னா எனக்கு உசுரே போயிரும். பையக் கீழ வைங்க, கால நான் ஒதுக்கிக்கிறேன்.

என்ன புண்ணா? டோலி தூக்குன புண்ணு. பொம்பள டோலி தூக்குவாளான்னு நீங்களும் கேக்காதீங்க. ஒம்போது நாளா எங்க ஊரே அதத்தான் பேசிக்கிட்டு இருக்கும். நான் ஊர்ல இல்ல, கீழ ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்குத் தொணையா இருந்தேன். ஆனாலும் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஊர் வாய எனக்குத் தெரியாதா.

ஈத்தம்பாறை. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்களுக்கே அந்தப் பேரு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவதான் ஞாபகம் வரும். இந்த பஸ்ஸு ஈத்தம்பாறை விலக்குல நிக்கும். நிக்கும்னா, அந்தக் கண்டக்டர் தம்பி மனசு வச்சா நிக்கும். அங்கிருந்து ஒம்போது கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை, பூராவும் ஏத்தம். நடுவுல வழுக்குப்பாறைன்னு ஒரு பாறை. வருசம் பூரா தண்ணி கசிஞ்சு பாசி புடிச்சுக் கெடக்கும். மூட்ட சுமக்குற குதிரைய அதுல ஏத்த மாட்டாங்க, அதுக்குன்னு சுத்துப்பாத இருக்கு, அதுல போனா அரை நாள் ஆகும்.

ரோடு போடுறேன்னு மூணு தடவ வந்து அளந்தாங்க. குச்சி நட்டாங்க, குச்சிக்குச் செவப்பு பெயிண்ட் அடிச்சாங்க, எங்க வீட்டுல காப்பி குடிச்சாங்க, போனாங்க. அந்தக் குச்சியத்தான் புடுங்கி பீன்ஸு கொடிக்கு ஊனி வச்சிருக்கோம். கொடி நல்லா ஏறுது. அந்தக் குச்சிய நட்டவனுங்க ஒருத்தனாவது ஒரு தடவ டோலியில படுத்து எறங்கிப் பாக்கணும் தங்கச்சி. அப்பத் தெரியும்.

எங்க ஊர்ல இருபத்தாறு வீடு. பூண்டு, உருளக்கிழங்கு, பீன்ஸு, கேரட்டு. வேற ஒண்ணும் கெடையாது. போன் பேசணும்னா கோயிலுக்குப் பின்னால கரட்டு மேல ஏறணும். யாருக்காச்சும் முடியாமப் போச்சுன்னா கோயில் மணிய நிறுத்தாம அடிப்பாங்க. அடிச்சா வீட்டுக்கு ஒரு தோள் வரணும். பகையாளி வீடா இருந்தாலும் சரி, பேச்சு வார்த்த இல்லாத வீடா இருந்தாலும் சரி, வந்து நிக்கணும். கம்பளிய மூங்கில்ல கட்டி, ஆளப் படுக்க வச்சு, விலக்கு வரைக்கும் தூக்கிட்டு வருவாங்க. எட்டுத் தோள் சேந்தாத்தான் தூக்கணும். நாலு பேரு சுமக்க, நாலு பேரு மாத்த. ஏழு பேரு இருந்தா தூக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா, அது அப்பிடித்தான்னுவாங்க. சாமி வச்ச கணக்குன்னுவாங்க. பொம்பளைங்க டோலி கூடப் போகக் கூடாது. படுத்திருக்கிறவளப் பெத்தவளா இருந்தாலும் ஊர் எல்லையோட நின்னுறணும். அழுதா தூக்குறவனுக்குக் கால் தடுமாறுமாம்.

அந்தக் காலத்துல எட்டென்ன, எண்பது பேரு வருவாங்க. இப்ப இளவட்டம் எல்லாம் திருப்பூர்ல பனியன் தைக்குது. ஊர்ல இருக்கிறது கெழடும் அரக்கெழடும். எட்டுத் தோள் சேக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். அப்ப அந்தக் கணக்க மாத்த வேணாமா? மாத்த மாட்டாங்க. எங்க ஊர்ப் பெரியதனம் அழகிரின்னு ஒருத்தரு இருக்காரு. அவர்கிட்ட எதையாச்சும் மாத்தணும்னு சொன்னா, காது கேக்காத மாதிரி வெத்தலைய மடிப்பாரு. அந்த ஆளு மாத்தாததுக்கு என் தலைய உருட்டுறாங்க. இதுல என் தப்பு என்ன இருக்குன்னு மொத்தத்தையும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என் கொழுந்தன் பேரு தவசி. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அவன் பொண்டாட்டி சுகந்தி. சுகந்தியப் பொண்ணு பாத்துக் கூட்டிட்டு வந்ததே நான்தான், தெரியுமா? பக்கத்து மல. அவங்க அம்மா, எம் பொண்ண உன்ன நம்பித்தான் அனுப்புறேன் ராக்கம்மான்னு என் கையப் புடிச்சா. வந்த புதுசுல அக்கா அக்கான்னு என் பின்னாலதான் திரிவா. நல்ல புள்ளதான். நல்ல புள்ள இல்லன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?

அண்ணன் தம்பி காட்டப் பிரிச்சப்ப ஊத்து இருக்கிற மேல் அடுக்கு தவசிக்குப் போச்சு. கீழ் அடுக்கு எங்களுக்கு. சரின்னு விட்டோம். இவ என்ன பண்ணுவா, கேரட்டு புடுங்குனா அந்த ஊத்து வாய்லயே வச்சுக் கழுவுவா. அந்தச் சேத்துத் தண்ணி பூராவும் என் பூண்டு வயலுக்கு வரும். ஒரு நாள் கேட்டேன். ஏண்டி, கழுவுறத நாலு கூடையில தண்ணி மோந்து ஓரமா வச்சுக் கழுவுனா உன் கை தேஞ்சா போயிரும்னு கேட்டேன். அதுக்கு அவ, சேறு வெள்ளாமைக்கு நல்லதுதானக்கான்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் ரெண்டு வருசம் பேசல. கேக்குறவங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியும். தெனமும் சேத்துத் தண்ணியில நின்னு வேல செஞ்சவளுக்குத்தான் தெரியும்.

போன புரட்டாசி. எங்க பூண்டு பூராவும் புடுங்கி வயல்ல கெடக்கு. பூண்டு வெள்ளாம பத்தி உங்களுக்குத் தெரியுமா? புடுங்குன பூண்டுல ஒரு மழ விழுந்துச்சுன்னா அழுகிரும். அம்புட்டுத்தான், நாலு மாசப் பாடு எருக்குழிக்கு. அன்னைக்குக் காலையில இருந்தே மேக்க கருகும்முனு கட்டிக்கிட்டு நிக்குது. நானும் அவரும் மட்டும்தான். ரெண்டு பொண்ணையும் கீழ கட்டிக் குடுத்தாச்சு. அவரு காட்டுச் சாளைக் குடிசைக்குள்ள உக்காந்து தாளச் சேத்துச் சேத்து முடி போட்டுக்கிட்டு இருக்காரு, நான் கூடையில அள்ளிட்டு வந்து கொட்டிக்கிட்டு இருக்கேன்.

அப்பத்தான் மணி அடிச்சுச்சு. நிறுத்தாம அடிச்சாங்க.

அவரு கையில இருந்த பூண்டு முடியக் கீழ போட்டாரு. நான், இருங்கன்னு சொன்னேன். யாருக்குன்னு தெரியட்டும், இருங்கன்னேன். கொஞ்ச நேரத்துல பூசாரி பொண்டாட்டி பொன்னுத்தாயி மேல் வரப்புல வந்து நின்னு கத்துறா. ஏ ராக்கம்மா, சுகந்திக்குப் புள்ள பொறந்துருச்சு, பொம்பளப் புள்ள, ஆனா ரத்தம் நிக்கலடி, உன் வீட்டுக்காரன வரச் சொல்லு, ஏழு பேருதான் இருக்காங்கன்னு.

நான் சொன்னேன், அவரு சந்தைக்குப் போயிருக்காருன்னு.

பாக்காதீங்க அப்பிடி. அன்னைக்குச் சந்த நாள்தான். அவரு காலையில போறதாத்தான் இருந்தாரு. மூட்ட கூடக் கட்டி வச்சிருந்தோம், மேகத்தப் பாத்துட்டுத்தான் நிறுத்துனோம். போயிருந்தா ஊர்ல இருந்திருப்பாரா? அப்ப ஏழு பேருதான இருந்திருப்பாங்க? அத ஒரு பொய்யின்னு எடுத்துக்கிட்டு இன்னைய வரைக்கும் பேசுறாங்க. புள்ள பெத்தா ரத்தம் போகத்தான் செய்யும், நானும் ரெண்டு பெத்தவதான். ஏழு பேரு இருக்காங்க, தூக்கிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். ஏழு தோள் இருக்கிறப்ப ஒரு ஆளத் தூக்க முடியாதான்னு நெனச்சேன். அது தப்பா?

சாளைக்குள்ள அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. தலையில கூர முட்டுது, அப்பிடியே குனிஞ்சு நிக்கிறாரு. உக்காருங்கன்னேன். ராக்கு, என் தம்பி வீடுன்னாரு. தம்பி வீட்டுக்கு ஊத்து இருக்கு, நமக்கு இந்தப் பூண்டுதான் இருக்கு, உக்காருங்கன்னேன். உக்காந்தாரு. நான் அவரக் கட்டிப் போட்டேனா? காலப் புடிச்சேனா? ஒரு வார்த்த சொன்னேன், உக்காந்தாரு. அத யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க.

அந்த ஏழு பேரும் என்ன பண்ணாங்க தெரியுமா? காத்திருந்தாங்க. எட்டாவது தோளுக்குக் காத்திருந்தாங்க. சந்தைக்குப் போன குதிரைக்காரன் திரும்பி வர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் சுகந்தியக் கம்பளியில படுக்க வச்சுட்டு, பாதையப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ரத்தம் கம்பளிய நனச்சு மண்ணுல எறங்குது, இவங்க எட்டு எண்ணிக்கிட்டு நிக்கிறாங்க. இப்பச் சொல்லுங்க, கொன்னது யாரு? நானா, அந்த எட்டா?

ஓட தாண்டி, விலக்கு கண்ணுக்குத் தெரியிற எடத்துல சுகந்தி போயிட்டா. ஆம்புலன்ஸு வந்து நிக்குதாம். அதுல இருந்த நர்ஸம்மா கையப் புடிச்சுப் பாத்துட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்லிருச்சு. நாக்குல நரம்பில்லாம எவ்வளவு லேசாச் சொல்லிருச்சு பாத்தீங்களா? அந்த ஒரு மணி நேரத்தத்தான் ஊரே என் வீட்டு வாசல்ல கொண்டு வந்து கொட்டிட்டுப் போச்சு.

அந்த மழையாவது பேஞ்சு தொலச்சுதா? ஒரு சொட்டு விழல. மேகம் பூராவும் அந்தப் பக்கம் கலஞ்சு போச்சு. சாயங்காலம் சுள்ளுனு வெயில் அடிச்சுச்சு. பூண்டு பூராவும் நல்லாக் காஞ்சு பரணுக்கு ஏறிருச்சு. அந்த வருசம் மாதிரி பூண்டு எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. அதையும் பேசுனாங்க.

பொழுது சாய அழுக சத்தம் கேட்டுச்சு. அவரு ஓடுனாரு. நான் கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல. கையில பூண்டு மண்ணோட ஓடுனாரு. சந்தைக்குப் போன ஆளு கையில எப்பிடி மண்ணு இருக்கும்? எல்லாரும் பாத்தாங்க. மறுநா பாடையத் தூக்குறப்ப அண்ணங்காரன் தோள் குடுக்கணும்ல, இவரு போயி மூங்கில்ல கை வச்சிருக்காரு. தவசி பாத்தான். அந்தக் கைய எடுத்து விட்டுட்டு, குதிரைக்காரனக் கூப்புட்டு அந்த எடத்துல நிக்க வச்சான். திட்டல, அடிக்கல. எடுத்து விட்டான். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னு படுத்தவரு, ரெண்டு நாள் எந்திரிக்கல.

அழகிரி வந்து கேட்டதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? நான்தான் சாளையில தூங்கிட்டேன், மணி கேக்கலன்னு சொல்லிட்டாரு. என் பேர எடுக்கவே இல்ல. பெரிய தியாகி. நான் கேட்டனா அவர? என்னையக் காட்டிக் குடுக்க வேண்டியதுதான, ஊர்க் கூட்டத்துல நிறுத்த வேண்டியதுதான, நானும் நாலு வார்த்த கேட்டிருப்பேன்ல. உங்க எட்டு எண்ணிக்கைய எவன்டா வச்சான்னு கேட்டிருப்பேன்ல. எல்லாத்துக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுட்டாரு.

அதுல இருந்து ஊர்ல யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல. அதச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ஒதுக்கி வைக்கல, அபராதம் போடல, கோயிலுக்கு வராதன்னு சொல்லல. ஊத்துல தண்ணி மோக்கப் போனா எடம் விடுவாங்க. வழியில பாத்தா, சாப்ட்டியா ராக்கம்மான்னு கேப்பாங்க. பொன்னுத்தாயி இருக்காளே, வரப்புல நின்னு என் பொய்யக் கேட்டவ, அவ என் கண்ணப் பாத்துக்கிட்டே, பூண்டு நல்லா வந்துருச்சாமேன்னு கேட்டா. இதுக்குப் பேரு என்ன? வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுறது. ஒருத்தி வந்து மயிரப் புடிச்சு இழுத்து ரெண்டு சாத்து சாத்தியிருந்தா நானும் திருப்பிச் சாத்தியிருப்பேன், முடிஞ்சிருக்கும். ஒரு வருசம், தங்கச்சி. ஒரு வருசம் சும்மாவே இருந்து என்னையக் கொன்னாங்க.

தவசி அந்தப் பச்சப் புள்ளையச் சுகந்தி அம்மாகிட்ட விட்டுட்டான். மாசம் ரெண்டு தடவ போயிப் பாத்துட்டு வருவான். எங்க காட்டத் தாண்டித்தான் போகணும். தல குனிஞ்சுக்கிட்டுப் போவான். கேரட்டு கழுவுறத ஊத்துல இருந்து தள்ளி, கூடையில தண்ணி மோந்து வச்சுக் கழுவுறான். என் வயலுக்கு இப்பத் தெளிஞ்ச தண்ணி வருது. அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். எவன் உன்னையத் தெளிஞ்ச தண்ணி விடச் சொன்னான்?

கொஞ்சம் கம்பியப் புடிச்சுக்கங்க, இது பெரிய வளைவு.

ஒம்போது நாளைக்கு முன்னாடி. விடிஞ்சு ஒரு மணி நேரம் இருக்கும். பீன்ஸு காட்டுல காட்டுமாடு நிக்குதுன்னு அவரு வெரட்டப் போனாரு. வழக்கமாத் தகரத்தத் தட்டுனா போயிரும். இது கன்னு போட்ட மாடு போல, போகல. முட்டித் தூக்கி வரப்புக்கு இந்தப் பக்கம் போட்டுருச்சு. நான் போயிப் பாக்குறப்ப தொடை பொளந்து கெடக்கு. என் முந்தானையக் கிழிச்சுக் கட்டுனேன். ரத்தம் நிக்கல. கட்டக் கட்ட நனையுது.

ஓடுனேன். மணி அடிக்கிறது பூசாரி வேல, பொம்பள அந்தக் கயித்தத் தொடக் கூடாது. தொட்டேன். இழுத்து இழுத்து அடிச்சேன். அடிக்கிறப்ப மனசுக்குள்ள என்ன ஓடுச்சு தெரியுமா? ஒருத்தனும் வர மாட்டான்னு தெரியும். வராம இருந்தா நல்லதுன்னு கூட ஒரு பக்கம் இருந்துச்சு. வரலைன்னா அப்ப நானும் அவங்களும் ஒண்ணுதான? அதுக்கப்புறம் எவனும் என்னையப் பேச முடியாதுல்ல? புருசன் அங்க ரத்தத்துல கெடக்கிறான், எனக்குப் புத்தி இப்பிடிப் போகுது.

வந்துட்டாங்க. மொத ஆளா தவசி வந்துட்டான். தோள்ல மூங்கில், கக்கத்துல கம்பளி. யாருக்குன்னு கேக்கல. என் மூஞ்சியப் பாத்தான், காட்டுப் பக்கம் ஓடுனான். அப்புறம் அழகிரி, பூசாரி, குதிரைக்காரன், இன்னும் மூணு பேரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கெழடுங்க ஓடியாந்து நிக்கிறத நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது? எண்ணிப் பாத்தேன். ஏழு.

அழகிரி எண்ணிப் பாத்தாரு. ஏழு பேருதான்த்தா, இன்னொரு தோள் வேணும்னாரு.

எனக்கு அப்பிடியே தலைக்கு ஏறிருச்சு. உங்க எட்டக் கொண்டு போயி ஓடையில போடுங்கன்னு கத்துனேன். ஏழு பேரு தூக்குங்கன்னேன். அவரு பொறுமையா, ஏத்தா ராக்கம்மா, நீ வழுக்குப்பாறையில டோலி எறங்கிப் பாத்ததில்ல, தெரியாமப் பேசாதன்னாரு. என் அப்பன் காலத்துல ஆறு பேரு தூக்குனாங்க, பாறையில படுத்திருந்தவனும் போயிட்டான், முன்னால தூக்குனவனும் போயிட்டான், அதுக்கப்புறம்தான் எட்டு வச்சாங்கன்னாரு. இத ஏன்யா இத்தன வருசமா யாரும் சொல்லல? சாமி கணக்குன்னுதான சொன்னீங்க? பொம்பளைங்கதான டோலி கூடப் போறதில்ல, எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

எங்க வீட்டுக்காரரு காட்டுல மொனகுறது கேக்குது. நான் சேலையத் தூக்கிச் செருகுனேன். நான் வர்றேன்னேன்.

பூசாரி முடியாதுன்னாரு. அழகிரி வெத்தலையத் துப்பிட்டு வானத்தப் பாத்தாரு. தவசிதான், மதினி வரட்டும்னான். ஒரு வருசத்துல அவன் வாயில இருந்து என்னையப் பத்தி வந்த மொத வார்த்த.

ஒம்போது கிலோமீட்டர். அத எப்பிடிச் சொல்றது. மூங்கில் தோள்ல ஏறுன கொஞ்ச நேரத்துலயே எலும்பு வரைக்கும் எறங்கிரும். முன்னால போறவன் கால் வச்ச எடத்துலயே நாமும் வைக்கணும், ஒருத்தன் இருமுனா நாலு பேருக்கும் குலுங்குது. இருநூறு அடிக்கு ஒரு தடவ மாத்துவாங்க. எனக்கு மாத்துறப்பல்லாம், போதும்த்தா, ஓரமா வான்னு அழகிரி சொல்றாரு. நான் விடல. சுமந்து பழகுன தோள்தான், மூட்ட சுமக்காத தோளா இது? விறகு சுமந்திருக்கேன், எரு சுமந்திருக்கேன், உருளக்கிழங்கு சுமந்திருக்கேன். ஆனா இது வேற. மூட்டைய முடியலன்னா கீழ போட்டுறலாம்.

வழுக்குப்பாறையில நாலு பேரு சுமக்க, மத்த நாலு பேரும் ரெண்டு பக்கமும் பாறையில உக்காந்து, டோலிய இடுப்போட அணச்சுப் புடிச்சு, உக்காந்த வாக்குலயே நகத்தணும். ஒரு பக்கம் ரெண்டு பேரு. ஒரு ஆளு கொறஞ்சா அந்தப் பக்கம் சாயும். சாஞ்சா கீழ கல்லுக்குழி. இடப்பக்கம் தவசியும் நானும். பாசியில உள்ளங்காலு நிக்கல. என் கை அவரு இடுப்ப அணச்சிருக்கு, தவசி கை என் கை மேல இருக்கு. இதே எடத்துல, இதே மாதிரி போன வருசம் புடிச்ச கை அது. எனக்குத் தெரிஞ்சுச்சு. ஏழு பேரோட இங்க எறங்கியிருக்க முடியாதுன்னும் தெரிஞ்சுச்சு. காத்திருந்தவங்க முட்டாப்பயலுகன்னு ஒரு வருசமா நான் சொல்லிக்கிட்டு இருந்தது என்னாச்சு? அந்தப் பாறையிலயே வழுக்கி விழுந்துருச்சு.

எறக்கிட்டோம். விலக்குல ஆம்புலன்ஸு நின்னுச்சு, குதிரைக்காரன் பொண்டாட்டி கரட்டு மேல ஏறிப் போன் பண்ணியிருக்கா. அவர ஏத்துனாங்க. காலு தப்பிச்சிருச்சு தங்கச்சி. இன்னும் ஒரு மாசம் படுக்கணுமாம், அப்புறம் நடப்பாருன்னு சொல்லிட்டாங்க. பொழச்சுக்கிட்டாரு. இப்ப நான் ஊருக்குப் போறது எதுக்குன்னா, இந்த வருசப் பூண்டு தாள் பழுத்து நிக்குது, புடுங்கணும். அதுக்கு மட்டும்தான் போறேன்.

இல்ல. அதுக்கு மட்டும் இல்ல. தவசியக் கேக்கப் போறேன்.

ஆம்புலன்ஸு கதவச் சாத்துறதுக்கு முன்னாடி அவன் குழாயடியில கை கழுவிக்கிட்டு இருந்தான். நான் கிட்டப் போயி, ரொம்பச் சந்தோசம் தவசின்னு சொன்னேன். எனக்கு அப்பிடியெல்லாம் பேச வராது, ஆனாலும் சொன்னேன். அவன் என் தோளப் பாத்தான். ரவிக்கத் துணி கிழிஞ்சு ரத்தம் கசியுது. பாத்துட்டு, கோவமே இல்லாம, சாதாரணமா, வெலவாசி பேசுற மாதிரி சொல்றான். நல்லாத்தான் தாங்குச்சு மதினி. அன்னைக்கு நீங்க வந்திருக்கலாமே.

அம்புட்டுத்தான் சொன்னான். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு மல ஏறப் போயிட்டான்.

ஒம்போது நாளா ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து இதுக்குத்தான் பதில் தேடிக்கிட்டு இருக்கேன். இப்பப் போயிக் கேக்கப் போறேன். ஏண்டா, உங்க ஊர்ல எந்தப் பொம்பளைடா டோலி தூக்குனா? அன்னைக்கு நான் வந்திருந்தா அழகிரி விட்டிருப்பானா? பூசாரி விட்டிருப்பானா? பொன்னுத்தாயி என்னையவா கூப்புட்டா? உன் புருசன வரச் சொல்லுன்னுதான கூப்புட்டா? அவ கூடத்தான் ரெண்டு தோளோட வரப்புல நின்னா, அவ ஏன் போகல? ஊர்ல இருபது பொம்பள இருந்தாளுக, அவளுக ஏன் போகல? அவளுகள விட்டுட்டு என்னைய மட்டும் ஏன்டா கேக்குறன்னு கேக்கப் போறேன். நியாயம்தான? சொல்லுங்க, நியாயம்தான?

என்ன தங்கச்சி, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க. எங்க ஊர்க்காரங்க மாதிரியே சும்மா இருக்கீங்க.

என்னைய யாரும் கூப்புடல. அதத்தான் அவன்கிட்டச் சொல்லப் போறேன். மொகத்துக்கு நேரா நின்னு சொல்லப் போறேன். கூப்புட்டிருந்தா வந்திருப்பேன்டான்னு சொல்லப் போறேன்.

வந்திருக்க மாட்டேன். கூப்புட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன் தங்கச்சி. கூடைய எறக்கி வச்சிருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மூங்கிலத் தூக்கிக்கிட்டு மொத ஆளா வந்தான். அதத்தான் என்னால தாங்கவே முடியல.

கண்டக்டர் தம்பிக்கு ஒரு கொரல் குடுங்க, விலக்கு வருது. காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, நான் எறங்கணும்.